சாக்சனி: 102 மீட்டர் சுவரில் எத்தனை ராஜா?

எல்பேக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் அப்பாவும் அம்மாவும் டிரெஸ்டனுக்கு, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகருக்கு, வந்திருந்தார்கள். ஊர் சுற்றிக் காட்டும்போது 'அரசர் ஊர்வலம்' சுவருக்குக் கூட்டிப் போனேன். பார்க்காதவர்களுக்காக: பழைய அரண்மனை லாயத்தின் வெளிச்சுவர் அது. 102 மீட்டர் நீளத்துக்கு, சாக்சனியை ஆண்ட வெட்டின் வம்சத்து ஆட்சியாளர்கள் 35 பேர் குதிரையேறி வரிசையாகப் போகிறார்கள். முதலில் 1870-களில் சுவரில் தீட்டிய படம்தான். அது மங்கிப்போனதால் 1904-க்கும் 1907-க்கும் இடையில் மைசன் பீங்கான் ஓடுகளில் மாற்றிப் பதித்தார்கள். கிட்டத்தட்ட 23,000 ஓடுகள். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் சுற்றியுள்ள எல்லாம் எரிந்து விழுந்தபோதும் இந்தச் சுவர் நின்றது. ஏற்கெனவே சூளையில் வெந்த பொருள் அல்லவா, சில நூறு ஓடுகளைத்தான் பிற்பாடு சரிசெய்ய வேண்டியிருந்ததாம்.

அப்பா ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். மஃப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒவ்வொரு குதிரைக்குக் கீழும் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வந்து ஒரே கேள்வி: "இதுல ராஜா எத்தனை பேருடா?"

"எல்லாருமே ராஜாதானேப்பா" என்றேன். பத்தாம் வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. எட்டு வருடமாக இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறேன், இது தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நச்சுன்னு

102 மீட்டருக்கு ராஜா படமா? நம்ம ஊர் மாநாட்டு பேனர்க்காரர்கள் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

திண்ணைவாசி

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

சாக்சனிக்கு ராஜா என்று அந்தச் சுவரில் இருப்பவர்கள் ஆறே பேர். முதலாம் பிரடெரிக் ஆகஸ்ட், ஆன்டன், இரண்டாம் பிரடெரிக் ஆகஸ்ட், யோஹான், ஆல்பர்ட், கியோர்க். ஏழாவது ராஜா, அதாவது கடைசி ஆள், 1904-இல்தான் பட்டத்துக்கு வந்தார். அவருக்குச் சுவரில் இடமில்லை. மற்றவர்கள் எல்லாரும் ராஜாவுக்குக் கீழ்ப்பட்ட பட்டம் உள்ளவர்கள். 1089-இல் மைசன் எல்லைப்புறத்தைக் காக்கும் பிரபு பதவி இந்தக் குடும்பத்துக்கு வந்தது. 1423-இல் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உள்ள சிற்றரசர்களில் ஒருவராக உயர்ந்தார்கள். ஜெர்மானியப் பேரரசுக்குள் அந்த ஓட்டுதான் பெரிய அந்தஸ்து. ராஜா பட்டம் கிடைக்க இன்னும் 383 வருடம் ஆனது.

கிடைத்த விதம்தான் கூத்து. 1806 அக்டோபரில் யேனா போரில், வடக்கே இருந்த பெரிய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவோடு சேர்ந்துகொண்டு நெப்போலியனை எதிர்த்து சாக்சனி தோற்றது. இரண்டே மாதம். டிசம்பர் 11 அன்று போசன் நகரில் ஒப்பந்தம். நெப்போலியன் பக்கம் வந்துவிட்டால் ராஜ்யம் என்று பட்டம். போரில் தோற்று, அந்தத் தோல்வியாலேயே கிரீடம் வாங்கியவர் முதலாம் பிரடெரிக் ஆகஸ்ட். மறுவருடம் வார்சா கோமகன் பதவியையும் நெப்போலியன் சேர்த்துக் கொடுத்தார்.

கொடுத்த கை தளர்ந்ததும் விலை கேட்டார்கள். 1813 அக்டோபர் 16 முதல் 19 வரை லைப்சிக் போர். முதல் உலகப் போர் வரைக்கும் ஐரோப்பா அதைவிடப் பெரிய போரைப் பார்க்கவில்லை. ராஜா நெப்போலியனோடு இருக்கிறார். 18-ஆம் தேதி அவருடைய சொந்தப் படையே களத்தில் எதிரணிக்குத் தாவிவிட்டது. ராஜா கைதி. 1815-இல் வியன்னா மாநாட்டில் பிரஷ்யா மொத்த சாக்சனியையும் கேட்டது. ஆஸ்திரியாவும் பிரிட்டனும் பிரான்சும் ஒத்துக்கொள்ளாததால் பாதிக்கு மேல் நிலமும் ஐந்தில் இரண்டு பங்கு மக்களும் மட்டும் போயின. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் வாழ்ந்த விட்டன்பெர்க் அப்படித்தான் கைமாறியது. பிரஷ்யா தான் வெட்டிக்கொண்ட பகுதிக்கும் 'சாக்சனி மாகாணம்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. இன்றைய வரைபடத்தில் 'சாக்சனி-அன்ஹால்ட்' என்று தனி மாநிலம் இருப்பதற்கு வேர் அதுதான்.

வம்சத்தின் பெயரே வெட்டின். வெட்டாமல் விடுவார்களா?

நச்சுன்னு

கடைசி வரிக்காகவே இவ்வளவு நீளமாக எழுதினீர்களா ஐயா?

திண்ணைவாசி

ஆமாம்.

புதுமுகம்99

ஒரு சந்தேகம். டிரெஸ்டனில் பெரிய தங்கச் சிலை இருக்கிறதே, வலிமைமிகு ஆகஸ்டஸ், அவர் ராஜா இல்லையா? எல்லா வழிகாட்டிப் புத்தகமும் ராஜா என்றுதான் சொல்கிறது.

எல்பேக்கரையான்

அப்பாவும் அங்கேயேதான் நின்றார்! இதற்கு எனக்கே பதில் தெரியும். ராஜாதான், ஆனால் போலந்துக்கு. 1697-இல் போலந்து அரியணைக்கு ஆள் தேடினார்கள். அங்கே பிரபுக்கள் ஓட்டுப் போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம். கத்தோலிக்கராக இருக்க வேண்டும். இவர் லூத்தரன் சீர்திருத்தம் பிறந்த நாட்டின் அதிபர். பட்டத்துக்காக மதம் மாறினார். மனைவி கிறிஸ்டியானே மாறவில்லை. போலந்து மண்ணில் கால் வைக்கவும் மறுத்துவிட்டார். அந்த அம்மா 1727-இல் இறந்தபோது லைப்சிக்கில் நடந்த அஞ்சலிக்கு இசையமைத்தவர் பாக்.

சுவரில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஆகஸ்டஸ் ஏறியிருக்கும் குதிரையின் காலடியில் ஒரு ரோஜா கிடக்கும். லூதருடைய சின்னம் ரோஜா. வழிகாட்டிகள் குடையை நீட்டிக் காட்டுவார்கள், கூட்டம் முழுக்கக் குனிந்து பார்க்கும்.

அதிலிருந்து 1918 வரை விநோதமான நிலைமை: மக்கள் லூத்தரன், அரச குடும்பம் கத்தோலிக்கம். ஊர்க்காரர்கள் 1726-இல் பிரவுன்கிர்ஷே தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள், அந்தப் பெரிய கல் கவிகை. அடுத்த தலைமுறையில் அரசர் கூப்பிடு தூரத்தில் தனக்கென்று கத்தோலிக்கக் கோயில் எழுப்பினார். ஆகஸ்டஸ் உடல் போலந்தின் கிராக்கோவில். இருதயம் மட்டும் ஒரு பேழையில் அந்த டிரெஸ்டன் கோயிலின் நிலவறையில்.

களிமண்

பீங்கான் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். விருத்தாசலத்துக்காரன், பாதி வாழ்க்கை சூளைப் பக்கம்.

மைசன் பீங்கானுக்குப் பின்னால் இருந்தவன் ஒரு பித்தலாட்டக்காரன். யோஹான் பிரடெரிக் போட்கர், மருந்துக்கடையில் தொழில் கற்ற பையன். ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று பெர்லினில் பீற்றிக்கொண்டான். பிரஷ்ய ராஜா பிடிக்க வந்ததும் 1701-இல் சாக்சனிக்கு ஓடிவந்தான். இங்கே ஆகஸ்டஸ் பிடித்து அடைத்துப் போட்டார். "செய், தங்கம் செய்" என்றால் எங்கே செய்வது? வருடங்கள் போயின. சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி அதற்கு முன்பே பீங்கானுக்காகக் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மண்ணை உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர். பையனை அவருக்குக் கீழே வைத்தார்கள். முதலில் செங்கல் நிறத்தில் ஒரு கெட்டியான பாண்டம் வந்தது. 1708-இல் வெள்ளை வந்தது. அதே வருடம் சிர்ன்ஹவுஸ் செத்துப்போனார், பெயர் போட்கருக்கு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது 'ரகசியக் கலவை' கதை. எங்களுக்கு இது சூட்டின் கதை. வெள்ளைக் களிமண் கிடைத்தால் மட்டும் போதாது. அது கண்ணாடி மாதிரி இறுக, கூடவே உருகிச் சேர்கிற ஒரு கல் வேண்டும். சீனாவில் ஒன்று போட்டார்கள், போட்கர் கையில் கிடைத்த அலபாஸ்டர் கல்லைப் போட்டுப் பார்த்தான். அப்புறம் 1,300 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். சாதாரணக் குயவர் சூளை அதற்கு முன்பே இடிந்து விழும். அதனால் அவர்கள் கண்டுபிடித்ததில் பாதி பீங்கான், பாதி சூளை. 1710-இல் மைசன் குன்றின் மேலிருந்த ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் ஆலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றைப் பார்த்த கோட்டை. ஆளும் ரகசியமும் வெளியே போக வழியில்லை. போட்கர் 37 வயதில் செத்தான், 1719-இல்.

இன்னொன்று. ஆகஸ்டஸுக்குப் பீங்கான் பித்து. 1717-இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரை பிரஷ்ய ராஜாவுக்குக் கொடுத்து 151 சீனப் பீங்கான் சாமான் வாங்கினார். அதில் சில ஜாடிகள் இன்னும் டிரெஸ்டனில் இருக்கின்றன. மனுஷனைக் கொடுத்து ஜாடி வாங்கியிருக்கிறார். நானும் பீங்கான் பைத்தியம்தான், ஆனால் அந்த ஜாடி முன்னால் நின்றபோது எனக்குக் கிளேஸ், அதான் மேல்பூச்சுப் பளபளப்பு, கண்ணில் படவில்லை.

தறிக்காரன்

களிமண் அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒரு வார்த்தை. இழை முழுக்க ராஜா, ராஜா, ராஜா. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? மேலே எர்ஸ்கெபிர்கெ மலை. 1168-இல் பிரைபெர்க் பக்கம் வெள்ளி கண்டார்கள். தாது தேட நினைக்கிற எவரும் வந்து தோண்டலாம் என்று அன்றைய பிரபு ஓட்டோ உரிமை கொடுக்க, ஆட்கள் குவிந்தார்கள். பிரபுவுக்கு 'பணக்காரர் ஓட்டோ' என்று பெயர் வந்தது. தோண்டியவர்களுக்கு என்ன பெயர் வந்தது என்று எந்தச் சுவரிலும் இல்லை. அந்த மலையில் இன்றும் "குளுக் ஆவ்ஃப்" என்றுதான் வணக்கம் சொல்கிறார்கள். சுரங்கத்துக்குள் போகிறவனை நல்லபடியாக மேலே வந்து சேர் என்று வாழ்த்துவது. டிசம்பரில் அங்கே வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு வளைவு வைப்பார்கள். மாதக்கணக்கில் பகலைப் பார்க்காமல் வேலை செய்தவர்களின் ஊர்.

உலைகளுக்கு விறகு வெட்டி வெட்டி மலை மொட்டையானது. பிரைபெர்க்கில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713-இல் எழுதினார். இன்று ஐ.நா. சபை வரை பேசுகிற 'நீடித்த பயன்பாடு' என்ற எண்ணத்தின் மூல ஊர்களில் அது ஒன்று. தீவைத்தவன் வீட்டிலிருந்தே வந்த தண்ணீர்.

திண்ணைவாசி

தறிக்காரன் தம்பி சொல்வது சரி. ஆனால் ராஜாக்களை ஒரேயடியாகத் தள்ள முடியாது. யோஹான் (1854–1873) இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காவியத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். 'உண்மை நேசன்' என்று பொருள்படும் கிரேக்கப் புனைபெயரில் வெளியிட்டார். பட்டத்தில் இருந்துகொண்டு தமிழில் கவிதை எழுதிய பாண்டியன் அதிவீரராமன் எனக்கு ஞாபகம் வந்தான்.

என் குறை வேறு. அந்தக் குடும்பம் ஒவ்வொரு முறையும் தோற்கிற பக்கத்தையே பிடித்தது. 1756-இல் பிரஷ்யாவின் பிரடெரிக் உள்ளே நுழைந்ததும் சாக்சனிப் படை சில வாரத்தில் பிர்னாவில் சரண். 1806, 1813 மேலே சொன்னேன். 1866-இல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து மறுபடி பிரஷ்யாவிடம் தோல்வி. சகுனம் பார்த்துப் போயிருந்தாலும் ஒரு தடவையாவது சரியாக விழுந்திருக்கும்.

தறிக்காரன்

இதில் நான் ஒத்துவரவில்லை ஐயா. வடக்கே பிரஷ்யா, தெற்கே ஆஸ்திரியா. இரண்டு பேரும் சண்டை போட்டால் மிதிபடுகிற வயல் இது. எந்தப் பக்கம் சேர்ந்திருந்தாலும் வயல் போயிருக்கும். 1866-இல் ஹனோவரும் அதே ஆஸ்திரியா பக்கம்தான். அது அத்தோடு வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. சாக்சனி தப்பித்து, வட ஜெர்மன் கூட்டமைப்பில் ராஜாவோடு உள்ளே போனது. தோற்றும் பிழைக்கத் தெரிந்த ஊர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

சுவரில் இல்லாத சரித்திரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராஜ்யமாக இருந்த அந்த 112 வருடத்தில் நடந்த பெரிய விஷயம் எந்தக் குதிரை மேலும் இல்லை. 1839-இல் லைப்சிக்–டிரெஸ்டன் ரயில், ஜெர்மனியில் முதல் நெடுந்தூரப் பாதை. கெம்னிட்ஸ் பஞ்சாலைப் புகையில் 'சாக்சனியின் மான்செஸ்டர்' ஆனது. 1863-இல் லைப்சிக்கில் தொழிலாளர் சங்கம் ஒன்றை லசால் என்ற சோஷலிசத் தலைவர் தொடங்கினார். இன்றைய சமூக ஜனநாயகக் கட்சி தன் வயதை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறது. 1903-இல் கிரிமிட்சாவ் என்ற சின்ன ஊரில் நெசவாலைக்காரர்கள், பாதிக்குப் பாதி பெண்கள், பத்து மணி நேர வேலை கேட்டு ஐந்து மாதம் வெளியே நின்றார்கள். அவர்களுடைய கோஷம்: "எங்களுக்கு ஒரு மணி நேரம்! குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்! வாழ ஒரு மணி நேரம்!" கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அதே 1903 தேர்தலில் சாக்சனியின் 23 தொகுதிகளில் 22-ஐ சமூக ஜனநாயகக் கட்சி அள்ளியது. 'சிவப்பு ராஜ்யம்' என்றே பெயர் வந்துவிட்டது. ராஜாவை வைத்துக்கொண்டே சிவப்பு!

நச்சுன்னு

22/23. மீதி ஒருத்தர் எப்படித் தப்பினார் என்று யாராவது ஆராய்ச்சி பண்ணுங்கள்.

புதுமுகம்99

தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கும் சாக்சனி ராஜ்யத்துக்காரர்தானே? அதையும் யாராவது எழுதுங்கள்.

தரங்கைக்காரி

என் பெயரைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள், சரி.

ஊர் சரி, ராஜ்யம் தவறு. அவர் பிறந்தது 1682-இல், புல்ஸ்னிட்ஸில். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கும் சின்ன ஊர். அப்போது சாக்சனி ராஜ்யம் ஆகவில்லை. படித்தது ஹாலேயில், அது பிரஷ்யா. அனுப்பியது டென்மார்க் ராஜா. 1706 ஜூலையில் எங்கள் கடற்கரையில் இறங்கினார். ஆக, சாக்சனிக்காரர் என்று சொல்லலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ராஜ்யத்தோடு உண்மையான தொடர்பு அடுத்த நூற்றாண்டில் இருக்கிறது. 1836-இல் டிரெஸ்டனில் தொடங்கிய லூத்தரன் மிஷன், 1848-இல் லைப்சிக்குக்குப் போனது. டேனிஷ்காரர்கள் விட்டுப்போன தரங்கம்பாடிப் பணியை எடுத்துக்கொண்டது அதுதான். எங்கள் பாட்டி சபையை 'லைப்சிக் மிஷன்' என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அது ஏதோ ஒரு துரையின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் 1849-இல் கிளம்பி, தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் படித்துவிட்டு 1853-இல் திரும்பினார். 1856-இல் லைப்சிக்கில் அவருடைய திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்தது. லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த பிறகு வந்தது. திண்ணைவாசி ஐயா சொன்ன யோஹான் ராஜா டிரெஸ்டனில் தாந்தே மொழிபெயர்ப்போடு இருந்த காலத்தில், நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் "அகர முதல"வை ஜெர்மனில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன். சபைக்குள் சாதி வழக்கங்களை உடனே விடச்சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது லைப்சிக் மிஷனின் நிலைப்பாடு. மற்ற மிஷன்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. கிரவுல் அதற்காக வாதாடி எழுதினார். "பிறப்பொக்கும்" குறளை மொழிபெயர்த்த அதே ஆள்.

எல்பேக்கரையான்

குறள் விஷயம் எனக்குப் புதிது. அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

இந்தியத் தொடர்பு என்றால் டிரெஸ்டன் அரண்மனையின் பசுமை நிலவறைக் கருவூலத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை செய்த பொம்மைக் கொலு ஒன்று அங்கே இருக்கிறது. கொலு என்பதுதான் சரியான சொல்! ஔரங்கசீப் பிறந்தநாள் தர்பார். படிப்படியாக மேடை, உச்சியில் விரல் நீளத்தில் பாதுஷா, கீழே யானை, குதிரை, பல்லக்கு, சீர்வரிசை தூக்கிவரும் நூற்றுக்கும் மேற்பட்ட தங்கப் பொம்மைகள். ஐயாயிரம் வைரங்கள். விலை 58,000 தாலருக்கு மேல். செய்தவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பயணிகள் எழுதியதைப் படித்துச் செய்தார், அதனால் பாதி யானைக்காரர்கள் சீனர்கள் மாதிரி இருக்கிறார்கள். கொலு முடிவதற்குள் 1707-இல் ஔரங்கசீப்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் அம்மா கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவேயில்லை. "படி ஒத்தப்படையில இல்லையே" என்று ஒரே குறை.

அதே கட்டடத்தில் 41 காரட் பச்சை வைரம், இந்தியாவில் கிடைத்தது. 2019 நவம்பர் 25 விடியற்காலையில் திருடர்கள் பக்கத்துப் பாலத்தடியில் மின்பெட்டிக்குத் தீவைத்துத் தெருவிளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே புகுந்து, கோடாலியால் பெட்டியை உடைத்து நகைகளை அள்ளிப் போனார்கள். பச்சை வைரம் அந்த நேரத்தில் நியூயார்க்குக்குக் கண்காட்சிக்குப் போயிருந்ததால் தப்பியது. 2022 டிசம்பரில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சில துண்டுகள் இன்னும் இல்லை.

களிமண்

கடைசி ராஜா கதையைச் சொல்லி முடியுங்கள் ஐயா.

திண்ணைவாசி

மூன்றாம் பிரடெரிக் ஆகஸ்ட். இளவரசராக இருந்தபோதே, 1902-இல், மனைவி லூயிசா பிள்ளைகளின் பிரெஞ்சு வாத்தியாரோடு ஓடிப்போனார். ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு ஒரு வருடத்துக்குத் தீனி. 1918 நவம்பர் 13 அன்று பட்டத்தைத் துறந்தார். அப்போது கொச்சை சாக்சன் பேச்சில், "சரி, உங்க குப்பையை நீங்களே அள்ளிக்கோங்க" என்று சொன்னதாக ஊர் முழுக்கக் கதை. அவர் அப்படிச் சொல்லவேயில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் சொன்னார் என்பதைத்தான் சாக்சன்காரர்கள் விரும்புகிறார்கள். 1932-இல் இறந்தபோது, குடியரசாகி 14 வருடம் ஆகியும், டிரெஸ்டன் தெருவெல்லாம் கூட்டம்.

எல்பேக்கரையான்

அந்தக் கொச்சைப் பேச்சு பற்றி ஒன்று. மற்ற ஜெர்மானியர்கள் சாக்சன் உச்சரிப்பைக் கேலி செய்வார்கள். காரணம், வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகிவிடும். 'ட'வா 'த'வா, 'ப' வல்லினமா மெலிந்ததா என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பெயரை எழுதும்போது "கடின பே-யா, மென்மை பே-யா" என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். ஒரே 'ப'வில் பாட்டும் பஸ்ஸும் எழுதுகிறவர்கள் நாம். இந்த ஊரில் என் உச்சரிப்பை யாரும் திருத்தாததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

அப்புறம், அப்பாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே போடுகிறேன்: "ஆறு என்பது சரி. நானும் ஆறு என்றுதான் எண்ணினேன். வரிசைக் கடைசியில் குதிரை இல்லாமல் நடந்து வருகிற கும்பலைப் பார்த்தாயா? விஞ்ஞானி, கைவினைக்காரன், குடியானவன் என்று பலர். கடைசியில் நிற்கிறவன் படம் வரைந்த வால்தர். அவனை போட்டோ எடுக்கச் சொன்னேனே, எடுத்தாயா?"

எடுக்கவில்லை. சனிக்கிழமை போகிறேன்.

தரங்கைக்காரி

போகிற வழியில் புல்ஸ்னிட்ஸ் இஞ்சி ரொட்டி ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். சீகன்பால்கு ஊர்ப் பலகாரம். டிசம்பரில் என் தம்பி அந்தப் பக்கம் வருகிறான்.